பிஎஸ்-4 பெட்ரோல் கார் புகைச் சோதனையில் ஃபெயில்: கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மாற்றித்தான் ஆகணுமா?

நொய்யல்கரை

வணக்கம். 2014 மாடல் ஹேட்ச்பேக், 1.2 லிட்டர் பெட்ரோல், பிஎஸ்-4 (பாரத் ஸ்டேஜ் 4 புகை விதி). ஓடியது 98,000 கி.மீ. புகை சர்டிபிகேட் புதுப்பிக்கப் போன இடத்தில் ஃபெயில். மெஷின் பிரிண்ட்டில் இருப்பது (சிஓ கார்பன் மோனாக்சைடு, ஹெச்சி எரியாத பெட்ரோல், சிஓ2 கார்பன் டை ஆக்சைடு, ஓ2 ஆக்சிஜன்):

ஐடில்: சிஓ 1.62%, ஹெச்சி 340 பிபிஎம், சிஓ2 13.7%, ஓ2 0.3%
2,500 ஆர்பிஎம்: சிஓ 1.24%, ஹெச்சி 190 பிபிஎம், சிஓ2 14.1%, ஓ2 0.2%, லாம்டா 0.966

செக் இன்ஜின் லைட் எரியவில்லை. ஸ்டார்ட்டிங், பிக்கப் எல்லாம் சரியாகவே இருக்கிறது. மைலேஜ் மட்டும் நகரத்துக்குள் 15-லிருந்து 12-க்கு இறங்கியிருக்கிறது. பிளக், ஏர் ஃபில்டர் இரண்டும் போன சர்வீஸில் மாற்றியவை. சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போய்விட்டது, புதுசு போட வேண்டும் என்கிறார் மெக்கானிக். அவ்வளவு பெரிய செலவுக்கு முன்னால் அதுதான் காரணம் என்று எப்படி உறுதி செய்வது?

ஐந்துவாயு

கன்வெர்ட்டரை இப்போது வாங்காதீர்கள். குற்றவாளி அது இல்லை என்று உங்கள் சீட்டே சொல்கிறது.

முதலில் அளவுகள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 115-ஆம் விதிப்படி பிஎஸ்-4 பெட்ரோல் காருக்கு ஐடிலில் சிஓ 0.3%, ஹெச்சி 200 பிபிஎம். 2,500 ஆர்பிஎம்மில் சிஓ 0.2%, லாம்டா 0.97 முதல் 1.03 வரை. உங்கள் வண்டி இவை எல்லாவற்றிலும் வெளியே நிற்கிறது. லாம்டா மட்டும் மயிரிழையில் தவறியிருக்கிறது. சோதனை நிலையத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத அந்த எண்தான் இங்கே முக்கியம்.

அதற்கு முன், இந்த ரீடிங்கை நம்பலாமா என்று பார்க்க வேண்டும். சிஓ-வையும் சிஓ2-வையும் கூட்டுங்கள். உங்களுக்கு இரண்டு நிலையிலும் 15.3 வருகிறது. பெட்ரோல் இன்ஜினில் இது 14-க்கு மேல் இருந்தால் ப்ரோப் சரியாக உள்ளே போயிருக்கிறது, சைலன்சரில் ஓட்டை இல்லை, வெளிக்காற்று கலக்கவில்லை என்று அர்த்தம். 12-க்குக் கீழே வந்தால் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி அளக்கச் சொல்ல வேண்டும். உங்களுடையது நல்ல ரீடிங்.

இப்போது லாம்டா. அனலைசர் இதைத் தனியாக ஒரு சென்சார் வைத்து அளப்பதில்லை. சிஓ, சிஓ2, ஹெச்சி, ஓ2 நான்கையும் வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்கிறது. சிலிண்டருக்குள் போன காற்று-பெட்ரோல் விகிதத்தை, முழுதாக எரியத் தேவையான விகிதத்தோடு ஒப்பிட்ட எண் அது: 1 என்றால் சரி, கீழே போனால் ரிச் (பெட்ரோல் அதிகம்), மேலே போனால் லீன் (பெட்ரோல் குறைவு). இந்த நான்கு வாயுக்களைப் பொறுத்தவரை கன்வெர்ட்டர் செய்வதெல்லாம் வரும் வாயுக்களில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைச் சிஓ-வோடும் ஹெச்சி-யோடும் சேர்ப்பது. மொத்தக் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் அளவு மாறுவதில்லை. ஆகவே கன்வெர்ட்டர் புதிதானாலும் செத்துப்போயிருந்தாலும் லாம்டா கிட்டத்தட்ட ஒன்றாகவேதான் இருக்கும்.

கன்வெர்ட்டர் மட்டும் போயிருந்தால் சீட்டு வேறு மாதிரி இருந்திருக்கும்: லாம்டா 1.00 பக்கத்தில், சிஓ 0.4 அல்லது 0.5, கூடவே ஓ2-வும் 0.5 அளவுக்கு. எரிக்க ஆக்சிஜன் இருந்தும் எரியவில்லை என்பதுதான் செத்த கன்வெர்ட்டரின் அடையாளம். உங்களுக்கு ஓ2 0.2-தான். எரிக்க ஆக்சிஜனே மிச்சமில்லாதபோது கன்வெர்ட்டர் என்ன செய்யும்? இன்ஜின் ரிச்சாக ஓடுகிறது, பெட்ரோல் அதிகம் போகிறது. புது கன்வெர்ட்டர் போட்டாலும் இதே சீட்டுதான் வரும். அதோடு அந்தப் புதுசையும் கரி பிடிக்க வைத்துக் கெடுத்துவிடுவீர்கள்.

மிஸ்ஃபயரும் இல்லை. ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால் ஹெச்சி ஆயிரத்தைத் தாண்டும், ஓ2-வும் ஏறும்.

அடுத்து வேண்டியது லைவ் டேட்டா. வண்டியின் கம்ப்யூட்டரில் ஓடும் அளவுகளைப் படிக்கும் இஎல்எம்327 வகைப் புளூடூத் ஓபிடி ஸ்கேனர் போதும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலிலும் 2,500-இலும் இவற்றைக் குறித்துப் போடுங்கள்: ஷார்ட் டேர்ம் ஃப்யூவல் ட்ரிம், லாங் டேர்ம் ஃப்யூவல் ட்ரிம், கூலன்ட் வெப்பநிலை, கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஓ2 சென்சாரின் வோல்டேஜ், பின்னால் இருக்கும் ஓ2 சென்சாரின் வோல்டேஜ் (ஏறினால் ரிச், இறங்கினால் லீன்), ஃப்யூவல் சிஸ்டம் ஓபன் லூப்பா குளோஸ்டு லூப்பா (சென்சாரைப் பார்த்துப் பெட்ரோலைத் திருத்துகிறதா) என்பது.

நாலுவழி

இவ்வளவு எதற்கு? பெட்ரோல் டேங்க்கில் இன்ஜெக்டர் கிளீனர் ஒரு பாட்டில் ஊற்றி, ஹைவேயில் ஐம்பது கி.மீ. விரட்டிவிட்டு, இன்ஜின் சூடு ஆறுவதற்குள் நேரே சோதனைக்குப் போங்கள். தேறிவிடும். தின்னர் அரை லிட்டர் கலப்பவர்களும் உண்டு.

ஐந்துவாயு

சூடான வண்டியைக் கொண்டுபோவது சரிதான், அது எல்லோரும் செய்ய வேண்டியது. சிஓ 0.35 என்று வரம்பை ஒட்டி நின்ற வண்டி அதில் தேறலாம். 1.62-ஐ எந்தப் பாட்டிலும் 0.3-க்குக் கொண்டுவராது. தின்னர் வேண்டவே வேண்டாம். ஃப்யூவல் பம்ப்பின் ரப்பர், இன்ஜெக்டர் ஓ-ரிங் இரண்டையும் ஊற வைத்துக் கெடுக்கும். கசிவு வந்தால் தீப்பிடிக்கும் அபாயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிஓ என்பது கண்ணுக்குத் தெரியாத, வாசனை இல்லாத விஷவாயு. மூடிய பார்க்கிங்கில் இந்த வண்டியை ஓடவிட்டு நின்றால் பக்கத்தில் இருப்பவருக்கு ஆபத்து. சர்டிபிகேட்டுக்காக மட்டும் இதைச் சரிசெய்ய வேண்டாம்.

நொய்யல்கரை

ஸ்கேனர் போட்டுப் பார்த்தேன். ஐடிலில், ஏசி ஆஃப்:

ஷார்ட் ட்ரிம் +4 முதல் +7%
லாங் ட்ரிம் +17%
கூலன்ட் 66 டிகிரி. அரை மணி நேரம் ஓட்டிய பிறகும் 68-க்கு மேல் போகவில்லை
முன் சென்சார் 0.1-க்கும் 0.5-க்கும் இடையில் மெதுவாக ஏறி இறங்குகிறது
பின் சென்சார் 0.82-இல் அசையாமல் நிற்கிறது
குளோஸ்டு லூப்

2,500-இல் லாங் ட்ரிம் +15%, மற்றவை ஏறக்குறைய இதேதான். எனக்குப் புரியாதது: ட்ரிம் பிளஸ்ஸில் இருந்தால் லீன் என்றுதானே பொருள்? சீட்டு ரிச் என்கிறதே?

ஐந்துவாயு

சரியான இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். பதில் அந்த முரணில்தான் இருக்கிறது.

ட்ரிம் என்பது இசிஎம் (இன்ஜினின் கம்ப்யூட்டர்) தன் அடிப்படைக் கணக்குக்கு மேல் எவ்வளவு பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பது. உங்கள் இசிஎம் இரண்டும் சேர்த்து 20 சதவீதத்துக்கு மேல் கூட்டிக்கொண்டிருக்கிறது. முன் சென்சார் "லீன், லீன்" என்று சொல்லிக்கொண்டே இருப்பதால் அது கூட்டுகிறது. இப்போது இரண்டு சாத்தியம்.

முன் சென்சார் சொல்வது உண்மை என்றால், அதாவது இன்டேக்கில் வேக்குவம் கசிவோ ஃப்யூவல் பிரஷர் குறைவோ இருந்தால், கூட்டிய பெட்ரோல் அந்தக் குறையை ஈடுகட்டி டெயில்பைப்பில் லாம்டா 1.00 வந்திருக்கும். ட்ரிம் பிளஸ், புகை சரி. அப்படிப்பட்ட வண்டி சோதனையில் தேறிவிடும்.

ட்ரிம்மும் பிளஸ், டெயில்பைப்பும் ரிச் என்றால் முன் சென்சார் தவறாகச் சொல்கிறது, இசிஎம் அதை நம்பிப் பெட்ரோலைக் கொட்டுகிறது. உங்கள் நிலை இதுதான். மூன்று சாட்சிகளில் அனலைசர் ரிச் என்கிறது, பின் சென்சார் 0.82-இல் நின்று ரிச் என்கிறது, முன் சென்சார் மட்டும் மாற்றிச் சொல்கிறது.

ட்ரிம் மைனஸ் 20-இல் இருந்து புகையும் ரிச்சாக இருந்திருந்தால் தேட வேண்டிய இடமே வேறு: ஒழுகும் இன்ஜெக்டர், டேங்க் ஆவியை இன்ஜினுக்கு விடும் பர்ஜ் வால்வ் திறந்தபடி சிக்கியது, அளவுக்கு மேல் ஃப்யூவல் பிரஷர், பெட்ரோல் கலந்த இன்ஜின் ஆயில். இதே மாதிரி சீட்டோடு வேறு யாராவது வந்தால் முதலில் ட்ரிம்மின் அடையாளத்தைப் பாருங்கள், பிளஸ்ஸா மைனஸா என்று. தேடல் பாதியாகக் குறைந்துவிடும்.

இ20 (20% எத்தனால் கலந்த) பெட்ரோல் போடுவதால் ட்ரிம் பிளஸ்ஸாகிறது என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அளவு வேறு. சுத்தப் பெட்ரோலுக்குக் காற்று விகிதம் 14.7, இ10-க்கு 14.1 அளவு, இ20-க்கு 13.5 அளவு. இ10-லிருந்து இ20-க்கு மாறினால் நாலைந்து சதவீதம் ஏறலாம். 20-ஐ அது விளக்காது. அதோடு அது உண்மையான ஈடுகட்டல் என்பதால் புகை ரிச்சாகாது.

செக் இன்ஜின் லைட் ஏன் எரியவில்லை? ட்ரிம் பொதுவாக 25 சதவீதம் அளவுக்குப் போய் முட்டினால்தான் பல வண்டிகளில் எரர் கோடு (பிழைக் குறியீடு) விழும். நீங்கள் அதற்குக் கொஞ்சம் கீழே நிற்கிறீர்கள்.

பட்டறைவாசல்

சென்சாரை வாங்குறதுக்கு முன்னாடி கால் மணி நேரம் செலவு பண்ணி மூணு விஷயம் பார்த்துடுங்க சார்.

ஒண்ணு, சைலன்சர் கசிவு. முன் சென்சாருக்கு மேலே, மானிஃபோல்டு கேஸ்கெட்டுலயோ ஃபிளாஞ்ச்லயோ விரிசல் இருந்தா வெளிக்காத்து உள்ளே இழுக்கும், நல்ல சென்சாரே லீன்னு சொல்லும். காலையில வண்டி ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி, கையில கனமான கையுறை போட்டு டெயில்பைப்பைத் துணியால கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிங்க. மானிஃபோல்டு பக்கம் "டிக் டிக்"னு சத்தம் வந்தா கசிவு. ஜாயின்ட்ல கருப்புக் கரி கோடு ஓடியிருந்தாலும் அதேதான். திறந்த வெளியில பண்ணுங்க. உங்க ஓ2 ரீடிங் 0.2, 0.3-ன்னு இருக்கறதால எனக்கு இது மேல சந்தேகம் குறைவு. ஆனாலும் பார்க்காம விடக்கூடாது.

ரெண்டு, ஹீட்டர். ஓ2 சென்சார் 300 டிகிரிக்கு மேல சூடானாத்தான் ஒழுங்கா வேலை செய்யும். நாலு வயர்ல ஒரே நிறத்துல ரெண்டு இருக்கும், அதுதான் ஹீட்டர். கப்ளரைக் கழட்டி சென்சார் பக்கம் ஓம் வைங்க. ஆறின நிலையில சுமாரா 3-லிருந்து 15 ஓமுக்குள்ள வரணும். ஓபன் காட்டினா ஹீட்டர் போச்சு. வண்டி ஓடும்போது வயரிங் பக்கம் 12 வோல்ட் வரலைன்னா ஃப்யூஸ், ரிலே பாருங்க. சென்சார் மேல பழி போடக்கூடாது. கப்ளர் பின்ல பச்சை பிடிச்சிருந்தா கான்டாக்ட் கிளீனர் அடிச்சு மறுபடி ரீடிங் எடுங்க.

மூணு, ஸ்நாப் டெஸ்ட். சூடான இன்ஜின், லைவ் டேட்டால முன் சென்சார் கிராஃப் மட்டும் திறந்து வெச்சு, ஆக்ஸிலேட்டரைச் சட்டுனு மிதிச்சு விடுங்க. நல்ல சென்சார் கண் இமைக்கறதுக்குள்ள 0.8-க்கு மேல போகும், மிதிச்சதை விட்டதும் 0.1-க்கு விழும். 0.5, 0.6-லயே நின்னா, இல்ல மெதுவா ஊர்ந்து ஏறினா, மாத்திடுங்க. ஒண்ணு கவனிக்கணும், மலிவான புளூடூத் ஸ்கேனர்ல நிறைய அளவுகளை ஒண்ணா ஓடவிட்டா அப்டேட் மெதுவாகும், நல்ல சென்சார்கூட மந்தமா தெரியும். அதனாலதான் ஒரே ஒரு கிராஃப்னு சொல்றேன்.

அப்புறம் அந்த 66 டிகிரி. தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடாகற வரைக்கும் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாம வைக்கற வால்வு) கழட்டிட்டாங்கன்னு நினைக்கிறேன். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு"ன்னு கழட்டி வீசற பழக்கம் நிறையப் பட்டறைல இருக்கு. ரொம்பத் தப்பு. ஹவுசிங்கைத் திறந்து பாருங்க.

ஐந்துவாயு

தெர்மோஸ்டாட் பற்றி இவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. இந்த வகை இன்ஜின்களில் அது 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்க ஆரம்பிக்கும். கூலன்ட் 85 முதல் 95 வரை நிற்க வேண்டும். 66-இல் நின்றால் இசிஎம் இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று எண்ணி வார்ம்-அப் கணக்கிலேயே பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும். சிலிண்டர் சுவரில் ஆவியாகாத பெட்ரோல் ஆயிலுக்குள் இறங்கும். சூடாகாத ஆயிலிலிருந்து அது வெளியேறவும் செய்யாது, பிசிவி (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் வால்வு) வழியாக மறுபடி இன்டேக்குக்கு வந்து ஹெச்சி-யை ஏற்றும்.

ஆனால் உங்கள் வண்டி குளோஸ்டு லூப்பில் இருக்கிறது. நல்ல முன் சென்சார் இருந்திருந்தால் அந்த அதிகப் பெட்ரோலை அதுவே கவனித்துக் குறைத்திருக்கும், ட்ரிம் மைனஸில் போயிருக்கும். எனவே சோதனையில் விழக் காரணம் சென்சார். மைலேஜ் இறங்கியதில் தெர்மோஸ்டாட்டுக்கும் பங்கு உண்டு. இரண்டையும் சரிசெய்யுங்கள், தெர்மோஸ்டாட்டை முதலில். புது சென்சார் போட்ட பிறகும் குளிர்ந்த இன்ஜின் ஓடினால் அதன் மேலும் கரி படியும்.

நொய்யல்கரை

ஹவுசிங்கில் தெர்மோஸ்டாட் இல்லவே இல்லை, வெறும் ஓ-ரிங் மட்டும்தான். ஸ்நாப் டெஸ்ட்டில் முன் சென்சார் 0.55-ஐத் தாண்டவில்லை. அதற்கே இரண்டு விநாடிக்கு மேல் ஆகிறது. ஹீட்டர் 9 ஓம், 12 வோல்ட் வருகிறது. கசிவுச் சத்தம் இல்லை. சென்சாரை மாற்றும்போது கவனிக்க வேண்டியது என்ன?

பட்டறைவாசல்

அப்ப முடிவு தெரிஞ்சாச்சு, மாத்திடலாம்.

வாங்கும்போது பழைய சென்சார்ல உள்ள பார்ட் நம்பரைக் கொடுத்து, கம்பெனி கப்ளரோட வர்றதையே கேளுங்க. "யுனிவர்சல்"னு வயரை வெட்டி ஒட்டற வகை வேண்டாம். சில சென்சார்கள் வெளிக்காத்தை வயருக்குள்ள இருக்கற இடைவெளி வழியாத்தான் எடுத்துக்கும். சால்டர் வெச்சு அடைச்சா அதுவும் தப்பாச் சொல்லும். வண்டிக்கு வண்டி முன் சென்சாரும் பின் சென்சாரும் வேற வேற, மாத்திப் போட்டுடாதீங்க.

கழட்டறது வெதுவெதுப்பா இருக்கும்போது. முழுசா ஆறினா மரை கடிச்சுக்கும், கொதிக்கும்போது கழட்டினா மரை உரிஞ்சுடும். முதல் நாள் ராத்திரியே பெனட்ரேட்டிங் ஆயில் அடிச்சு வைங்க. 22 எம்எம், வயருக்கு வெட்டு விட்ட ஓ2 சாக்கெட் இருந்தா வேலை சுலபம். மரை எம்18, 1.5 பிட்ச். புது சென்சார் மரைல ஆன்டி-சீஸ் (மரை கடிக்காம இருக்கத் தடவற பசை) தடவியே வரும். மேற்கொண்டு தடவினா மரைல மட்டும், முனைல ஒரு துளிகூடப் படக்கூடாது. டார்க் சுமாரா 40 நியூட்டன் மீட்டர். வயர் சைலன்சரைத் தொடாம கிளிப்ல மாட்டுங்க.

பழைய சென்சாரின் முனையைப் பாருங்க. கறுப்புக் கரி மட்டும்னா ரிச்சா ஓடினதால வந்தது. வெள்ளையா மாவு மாதிரி இருந்தா சிலிக்கான். யாரோ சென்சாருக்கு ஆகாத சிலிக்கான் பேஸ்ட்டை கேஸ்கெட்டுக்குப் போட்டிருக்காங்க. தெர்மோஸ்டாட் ஹவுசிங்குக்கும் பேஸ்ட் அப்பாம கம்பெனி கேஸ்கெட் போடுங்க. கூலன்ட் ஊத்தினதும் ஏர் பிளீட் பண்ணணும், இல்லைன்னா காத்துக்குமிழி நின்னு ஹீட்டிங் வந்துடும்.

சிவப்புமண்

இடையில் ஒரு கேள்வி. பிஎஸ்-4 டீசலுக்கும் இதே சோதனைதானா?

ஐந்துவாயு

இல்லை. டீசலுக்குச் சிஓ, லாம்டா எதுவும் கிடையாது. ஐடிலிலிருந்து ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துப் புகையின் அடர்த்தியை அளப்பார்கள். பிஎஸ்-4-க்கு 50 ஹெச்எஸ்யு (புகை அடர்த்தியின் அலகு), பிஎஸ்-3-க்கும் அதற்கு முந்தையவற்றுக்கும் 65. முழு ஆர்பிஎம் வரை மிதிப்பதால் டைமிங் பெல்ட் மாற்ற வேண்டிய கெடு தாண்டியிருந்தாலோ ஆயில் குறைந்திருந்தாலோ முதலில் அதைச் சரிசெய்துவிட்டுப் போங்கள். விவரமாக வேண்டுமானால் தனிக் கேள்வியாகப் போடுங்கள்.

நொய்யல்கரை

தெர்மோஸ்டாட், முன் சென்சார் இரண்டும் மாற்றியாயிற்று. சென்சாரின் முனையில் கறுப்புக் கரியோடு அடியில் வெள்ளைப் படிவும் இருந்தது. கூலன்ட் இப்போது 89-இல் நிற்கிறது. ஸ்கேனரில் கோடு கிளியர் செய்து ஓட்டிய பிறகு லாங் ட்ரிம் +3%. புதுச் சீட்டு:

ஐடில்: சிஓ 0.08%, ஹெச்சி 54 பிபிஎம், சிஓ2 14.9%, ஓ2 0.2%
2,500: சிஓ 0.05%, ஹெச்சி 31 பிபிஎம், சிஓ2 15.0%, ஓ2 0.1%, லாம்டா 1.002

பாஸ். பழைய கன்வெர்ட்டரேதான். இருவருக்கும் மிக்க நன்றி.

ஐந்துவாயு

அருமை. சிஓ-வும் ஓ2-வும் ஒருசேர இவ்வளவு கீழே இருப்பது கன்வெர்ட்டர் நன்றாக வேலை செய்கிறது என்பதற்குச் சான்று. பின் சென்சாரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 2,500-இல் 0.6, 0.7 பக்கத்தில் நிதானமாக நின்றால் சரி. முன் சென்சாரைப் போலவே மேலும் கீழும் துள்ளினால் கன்வெர்ட்டரின் ஆக்சிஜன் சேமிக்கும் திறன் குறைகிறது என்று பொருள். அடுத்த ஆண்டுக்கு முன் கவனிக்க வேண்டியிருக்கும்.

ட்ரிம் +3 என்பது இ20-க்கு இயல்பானது, அதைத் துரத்த வேண்டாம்.

ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. இவ்வளவு காலம் ரிச்சாகவும் குளிர்ந்தும் ஓடிய இன்ஜினின் ஆயிலில் பெட்ரோல் இறங்கியிருக்கும். டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள், மட்டம் மேல் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். சர்வீஸ் கெடு எப்போது என்று காத்திராமல் ஆயிலும் ஃபில்டரும் இப்போதே மாற்றிவிடுங்கள். பிளக்கையும் கழற்றிப் பார்த்து, பீங்கானில் கரி ஏறியிருந்தால் புதுசு போடுங்கள்.

பட்டறைவாசல்

ஆயில் மாத்தும்போது பிசிவி வால்வையும் கழட்டி ஆட்டிப் பாருங்க சார். உள்ளே கடகடன்னு சத்தம் வரணும். வரலைன்னா கழுவி மெனக்கெட வேண்டாம், சின்ன விலைதான், புதுசே போட்டுடுங்க.